ஜீப்பில் ஏறாத குரல்கள்: ஒலிக்கலவைக்கு ஓர் அரிச்சுவடி

சில ஆண்டுகளுக்கு முந்தைய டிசம்பர். கோத்தகிரிப் பக்கத்துச் சிற்றாலயம் ஒன்றின் பாடகர் குழு பாடிய கிறிஸ்துமஸ் பாடலைப் பதிவுசெய்து, என் அறையில் உட்கார்ந்து மிக்ஸிங்கும் செய்து கொடுத்திருந்தேன். தேயிலைத் தோட்டத்து லைன் வீடுகளுக்கு வாழ்த்துச் சொல்லப் போகும் ஜீப்பில் அதை ஒலிக்கவிடுவதாக ஏற்பாடு. ஹெட்போனில் கேட்டபோது எட்டுப் பேரின் குரலும் தலையைச் சுற்றிப் பரந்து நின்றது. எனக்கே என்மீது மரியாதை வந்துவிட்டது.

ஜீப்பின் கூரையில் கட்டியிருந்த கூம்பு ஒலிபெருக்கியில் பாடல் தொடங்கியது. கிட்டார் வந்தது. கீபோர்டு வந்தது. குரல்கள் வரவில்லை. அவற்றின் எதிரொலி மட்டும், எதிர்ச்சரிவில் யாரோ பாடுவது போல மெலிதாகக் கேட்டது. மைக்செட் அண்ணன் திரும்பிப் பார்த்துக் கேட்டார்: "தம்பி, பாடினவர்கள் யாரும் வண்டியில் ஏறவில்லையோ?"

அன்று நடந்ததைப் புரிந்துகொள்ளப் பள்ளிக்கூட இயற்பியலே போதும். அதை வைத்துத்தான் இந்தக் கட்டுரை. வீட்டில் ஒரு கணினியும் இரண்டு மைக்கும் வைத்துக்கொண்டு பாட்டுப் பதிவுசெய்யத் தொடங்கியிருப்பவர்களை மனத்தில் வைத்து எழுதுகிறேன்.

தனித்தனி டிராக்குகளாகப் பதிவான குரலையும் வாத்தியங்களையும் ஒரே பாடலாகச் சேர்ப்பதுதான் மிக்ஸிங். அதில் அடிப்படையான வேலைகள் மூன்று. எது எவ்வளவு சத்தமாகக் கேட்க வேண்டும் என்ற அளவு ஒன்று. ஒரே ஒலி இரண்டு வழியாக வந்து சேரும்போது ஒன்றையொன்று அழிக்காமல் பார்த்துக்கொள்வது இன்னொன்று. இதைத்தான் ஃபேஸ் என்கிறார்கள், பாடநூலில் கட்டம். இடமா வலமா நடுவா என்று ஒவ்வொன்றுக்கும் இடம் ஒதுக்குவது மூன்றாவது. புதிதாக வருகிறவர்கள் மூன்றாவதில்தான் தொடங்குவார்கள், ஏனென்றால் விளையாட்டுப் போல இருப்பது அதுதான். நானும் அப்படித்தான் தொடங்கினேன். முடிவு ஜீப்பில் தெரிந்தது.

அளவிலிருந்து வருவோம். ஃபேடர் என்ற தள்ளுகட்டையின் பக்கத்தில் டெசிபல் எண்கள் இருக்கும். டெசிபல் என்பது கிலோ, லிட்டர் போலத் தனியாக நிற்கும் அளவு அல்ல. ஒன்றோடு இன்னொன்றை ஒப்பிட்டுச் சொல்வது. 6 டெசிபல் ஏற்றினால் அலையின் வீச்சு இரண்டு மடங்காகும். ஆனால் காதுக்கு இரண்டு மடங்கு சத்தம் என்று தோன்றுவதற்கு ஏறத்தாழ 10 டெசிபல் வேண்டும். ஒரு டெசிபல் ஏற்ற இறக்கம் கூர்ந்து கேட்டால்தான் பிடிபடும். ஆகவே அரை டெசிபலுக்காக ஒரு மணி நேரம் செலவழிக்காதீர்கள்; தொடக்கத்தில் இரண்டிரண்டாக நகர்த்திப் பாருங்கள்.

கணினியில் பூஜ்யம்தான் கூரை. எண்கள் எல்லாம் அதற்குக் கீழே மைனஸில் ஓடும். பதிவிலோ இறுதிக் கோப்பிலோ அலை பூஜ்யத்தைத் தாண்டப் பார்த்தால் அதன் முகடு வெட்டுப்பட்டுத் தட்டையாகிவிடும், கரகரவென்று கேட்கும். பதிவின்போதே வெட்டுப்பட்டுவிட்டால் பிறகு ஒட்டவைப்பது பெரும்பாடு. 24 பிட்டில் (பதிவின் நுணுக்கத்தைச் சொல்லும் எண் அது) பதிவுசெய்கிறீர்கள் என்றால் உரத்த இடங்கள் மைனஸ் 12 டெசிபல் அளவில் நின்றாலே தாராளம். கூரையை முட்ட வேண்டிய அவசியமே இல்லை.

அந்த இடைவெளி ஏன் வேண்டும் என்பது டிராக்குகளைக் கூட்டும்போது தெரியும். ஒன்றோடொன்று தொடர்பில்லாத இரண்டு ஒலிகள், ஒரு கிட்டாரும் ஒரு குரலும் என்று வையுங்கள், சம அளவில் சேர்ந்தால் மொத்தம் 3 டெசிபல் கூடும். பத்து சேர்ந்தால் 10 டெசிபல். முற்றிலும் ஒரே மாதிரியான இரண்டு அலைகள் சேர்ந்தால் 6 டெசிபல். இந்தக் கடைசிக் கணக்கை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். குரல்கள் தொலைந்த கதைக்கு அது வேண்டும்.

நான் இப்போது செய்யும் முறை மிகவும் பழையது. எல்லா ஃபேடரையும் கீழே இறக்கிவிடுவேன். முதலில் குரல் மட்டும், மைனஸ் 10 பக்கத்தில் ஓர் இடத்தில். பிறகு தாளம், பிறகு அடித்தொனி தரும் பேஸ், கடைசியில் மற்றவை. ஏதாவது ஒன்று சரியாகக் கேட்கவில்லை என்றால் அதை ஏற்றத்தான் கை போகும். சற்றுப் பொறுங்கள். டிசம்பர் காலையில் எதிர்மலை தெரியாமல் போனால் மலை எங்கும் போய்விடவில்லை. நடுவே பனி நிற்கிறது. குரலை மறைப்பது பெரும்பாலும் கீபோர்டுதான். அதை இரண்டு டெசிபல் இறக்கினால் குரல் தானாக முன்னால் வரும். குரலை ஏற்றி, அதற்கு ஈடாகக் கிட்டாரை ஏற்றி, அதற்குப் போட்டியாகத் தாளத்தை ஏற்றிக்கொண்டே போனால் கடைசியில் எல்லோரும் கூரையில் நிற்பார்கள்.

கேட்கும் சத்தமும் ஏமாற்றும். 1933-இல் ஃபிளெட்சர், மன்சன் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள், நம் காது எல்லாச் சுருதிகளையும் ஒரே மாதிரி எடைபோடுவதில்லை என்பதை வரைபடமாகவே காட்டினார்கள். சத்தம் குறைவாக இருக்கும்போது அடித்தொனிகள் காதில் அதிகமாகத் தேய்ந்துபோகும். சத்தத்தைக் கூட்டினால் அவை நிமிர்ந்து எழும். என் அறைக்கு மேலே தகரக் கூரை. கோத்தகிரிக்கு வடகிழக்குப் பருவமழைதான் வலுவானது, கிறிஸ்துமஸ் பாடல் வேலைகள் வருவதும் சரியாக அந்த மாதங்களில்தான். மழைச் சத்தத்தை மீறிக் கேட்பதற்காக ஸ்பீக்கரைக் கூட்டி வைத்து மிக்ஸிங் செய்தேன். பேஸ் போதும் போதும் என்று தோன்றியது, குறைத்தேன். மழை விட்டதும் மெதுவாகப் போட்டுக் கேட்டால் பாடல் சோனியாக நின்றது. பக்கத்தில் இருப்பவரிடம் குரலை உயர்த்தாமல் பேச முடிகிற அளவில் கேட்டு வேலை செய்யுங்கள். மழை கொட்டினால் வேறு வேலை பாருங்கள்.

இனி ஃபேஸ். பலரும் பயந்து ஒதுங்கும் இடம் இது. எனக்கு மிகவும் பிடித்த இடமும் இதுதான். ஊஞ்சலை நினைத்துக்கொள்ளுங்கள். பின்னாலிருந்து ஒருவர் தள்ளுகிறார். அது விலகிப் போகும் அதே தருணத்தில் இன்னொருவரும் அதே பக்கமாகத் தள்ளினால் ஊஞ்சல் உயரப் போகும். இரண்டாமவர் எதிரே நின்றுகொண்டு அதே பலத்தோடு எதிர்ப்பக்கமாகத் தள்ளினால் ஊஞ்சல் நின்றுவிடும். இருவரும் பலசாலிகள்தான், ஆனால் ஊஞ்சலில் உட்கார்ந்திருக்கும் குழந்தைக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. ஒலி அலைக்கும் முகடும் அகடும் உண்டு. முகட்டோடு முகடு சேர்ந்தால் பெருகும், முகட்டோடு அகடு சேர்ந்தால் அழியும். பாடநூலில் ஆக்கக் குறுக்கீடு, அழிவுக் குறுக்கீடு என்று படித்தோமே, அதுவேதான்.

இது எங்கே வந்து கடிக்கும்? ஒரே கிட்டாருக்கு இரண்டு மைக் வைக்கிறீர்கள். ஒன்று 20 சென்டிமீட்டர் தூரத்தில், மற்றது 54 சென்டிமீட்டரில். வித்தியாசம் 34. எங்கள் ஊர்க் குளிரில், 15 டிகிரி என்று வைத்தால், ஒலி விநாடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் போகும். அப்படியானால் 34 சென்டிமீட்டரைக் கடக்க ஒரு மில்லி விநாடி. இரண்டாவது மைக்குக்கு ஒலி அவ்வளவு தாமதமாக வருகிறது. 500 ஹெர்ட்ஸ் அலை ஒருமுறை ஏறி இறங்கி முடிக்க இரண்டு மில்லி விநாடி எடுக்கும். ஒரு மில்லி விநாடி என்பது அதில் சரிபாதி. முதல் மைக்கில் முகடு வரும் வேளையில் இரண்டாவதில் அகடு. இரண்டையும் சம அளவில் கலந்தால் 500 ஹெர்ட்ஸ் ஒழிந்துபோகும். அதே கணக்கில் 1500, 2500, 3500 என்று போய்க்கொண்டே இருக்கும். நடுவில் உள்ள 1000, 2000, 3000 ஹெர்ட்ஸ்களோ 6 டெசிபல் உயரும். வரைந்து பார்த்தால் சீப்பின் பற்கள் போலவே இருக்கும் என்பதால் அந்தப் பெயரையே வைத்துவிட்டார்கள்: சீப்பு வடிகட்டி. காதுக்கு எப்படி இருக்கும் என்றால், குழாய்க்குள் உட்கார்ந்து வாசிப்பது போல இருக்கும். தனியாகக் கேட்டால் இரண்டு மைக்கும் அருமை, சேர்த்தால் சொத்தை. ஃபேஸ் கோளாறின் முதல் அடையாளம் இதுதான்.

இங்கே ஒரு சின்ன விலகல். மலையில் காற்று மெலிது, அதனால்தான் ஒலி மெதுவாகப் போகிறது என்று சிலர் சொல்வார்கள். உயரத்துக்கும் ஒலியின் வேகத்துக்கும் நேரடித் தொடர்பு இல்லை, வெப்பநிலைதான் காரணம். மேட்டுப்பாளையத்தில் 32 டிகிரி அடிக்கும்போது விநாடிக்கு 350 மீட்டர். நாங்கள் பத்து மீட்டர் பின்தங்கியிருப்பது குளிரால்தான்.

சரிசெய்வதற்கு இரண்டு வழிகள் உண்டு, இரண்டும் வெவ்வேறு நோய்க்கு மருந்து. வட்டத்தின் குறுக்கே ஒரு கோடு போட்ட பொத்தானை எல்லா மென்பொருளிலும் பார்த்திருப்பீர்கள். அது அலையைத் தலைகீழாகப் புரட்டும்: முகடு அகடாகும், அகடு முகடாகும். தாமதம் எதையும் அது தொடாது. இதற்குப் பொருத்தமான இடம் தப்பட்டை. முன்னால் ஒரு மைக், பின்னால் ஒரு மைக். குச்சி அடித்ததும் தோல் முன் மைக்கைவிட்டு விலகிப் பின் மைக்கை நோக்கிப் போகிறது. ஒரே அடியை ஒரு மைக் இழுப்பாகவும் மற்றது தள்ளலாகவும் பதிவுசெய்கிறது. கலந்தால் அடியின் கனம் போய் வெறும் தோல் சத்தம் மிஞ்சும். பின் மைக்கில் அந்தப் பொத்தானை அழுத்துங்கள்; கனம் திரும்பி வந்து உட்காரும்.

கிட்டாரின் கதை வேறு. அங்கே நேரம் பிசகியிருக்கிறது, அதனால் புரட்டினால் தீராது. வேறு சுருதிகள் அழியும், அவ்வளவுதான். இரண்டாவது டிராக்கைத் திரையில் பெரிதாக்கிப் பார்த்து, முதல் முகடுகள் ஒன்றின்கீழ் ஒன்று வரும்படி முன்னால் நகர்த்த வேண்டும். விநாடிக்கு 48,000 மாதிரிகள் எடுக்கும், அதாவது அலையை அத்தனை முறை அளந்து குறித்துக்கொள்ளும் பதிவில் ஒரு மில்லி விநாடி என்றால் 48 மாதிரிகள். பதிவு தொடங்கும்போதே கிட்டாரின் முன்னால் நின்று ஒருமுறை கைதட்டிவிட்டால், அந்தக் கூர்மையான முனையை வைத்து நகர்த்துவது எளிது. அதைவிடச் சுலபமான வழி, இரண்டாவது மைக்கே வைக்காமல் இருப்பது. பாதிப் பதிவுகளுக்கு ஒரு மைக் போதும் என்பது என் எண்ணம்; கையில் இரண்டு இருப்பதால் இரண்டையும் வைக்கிறோம்.

பாடகர் குழுவுக்குத் தனித்தனி மைக் வைப்பவர்கள் மூன்றுக்கு ஒன்று என்ற பழைய விதியைப் பிடித்துக்கொள்ளலாம். வாயிலிருந்து மைக் ஓர் அடி என்றால் அடுத்த மைக் குறைந்தது மூன்றடி தள்ளி இருக்க வேண்டும். அப்போது பக்கத்து மைக்கில் கசியும் குரல் ஏறத்தாழ 10 டெசிபல் தாழ்ந்துவிடும். சீப்பின் பற்கள் ஆழம் குறைந்து போகும்.

இப்போது ஜீப்புக்கு வரலாம். எட்டுக் குரல்களையும் ஒரே டிராக்காகச் சேர்த்து, அதற்கு ஒரு நகல் எடுத்து, ஒன்றை இடக்கோடியிலும் மற்றதை வலக்கோடியிலும் வைத்தேன். இரண்டிலும் ஒரே ஒலி இருந்தால் அது நடுவில்தான் கேட்கும். ஆகவே பரந்து கேட்க வேண்டும் என்று வலப்பக்கத்தில் அந்த வட்டப் பொத்தானை அழுத்தினேன். ஹெட்போனில் குரல்கள் சட்டென்று விரிந்தன. காரணம் எளிது: இடக்காதில் முகடு வரும்போது வலக்காதில் அகடு, எங்கிருந்து வருகிறது என்று மூளையால் முடிவுசெய்ய முடியவில்லை, எல்லாப் பக்கமும் என்று சொல்லிவிடுகிறது. ஜீப்பில் இருந்ததோ ஒரே கூம்பு. இடமும் வலமும் ஒன்றாகக் கூட்டப்பட்டுத்தான் அதற்குள் போகும், அதாவது மோனோ. ஒரே மாதிரி அலைகள் சேர்ந்தால் 6 டெசிபல் கூடும் என்றேன். ஒன்று தலைகீழாக இருந்தால் மிஞ்சுவது பூஜ்யம். எதிரொலிக்காகப் போட்ட ரிவெர்ப்பில் இடமும் வலமும் வேறுவேறாக இருந்ததால் அது மட்டும் தப்பித்தது. பாடியவர்கள் போய்விட்டார்கள், ஆலயத்தின் சுவர்கள் மட்டும் பாடிக்கொண்டிருந்தன.

கூம்பைத் திட்டிப் பயனில்லை. கடையில் மாட்டிய ஒற்றை ஸ்பீக்கர், பஸ் நிலையத்து ஒலிபெருக்கி, மேசைமேல் வைக்கும் சின்ன புளூடூத் டப்பா, இவற்றில் பெரும்பாலானவை இன்றும் மோனோதான். மலையோரத்துத் திருவிழாக்களில் மரத்துக்கு ஒரு கூம்பு கட்டியிருந்தாலும் எல்லாவற்றிலும் வருவது ஒரே ஒலி.

ஆகவே ஸ்டீரியோவைக் கடைசியில் தொடுங்கள். அதன் வரலாறு சுவையானது. இங்கிலாந்தில் இ.எம்.ஐ. நிறுவனத்தில் வேலைபார்த்த ஆலன் புளூம்லைன் என்ற பொறியாளர் 1931 டிசம்பரில் அதற்குக் காப்புரிமை விண்ணப்பம் கொடுத்தார். இரண்டு ஸ்பீக்கர், நடுவில் நீங்கள். மூன்றும் சமபக்க முக்கோணமாக இருக்க வேண்டும். இரண்டிலிருந்தும் ஒரே ஒலி ஒரே அளவில் வந்தால், எதுவுமே இல்லாத நடு இடத்தில் பாடகர் நிற்பது போலத் தோன்றும். பான் குமிழ் அந்தப் பக்கம் இந்தப் பக்கம் அளவைக் கூட்டிக் குறைத்து அவரை நகர்த்துகிறது.

நடுவில் இருக்கும் ஒலி இரண்டு ஸ்பீக்கரிலும் வருவதால் ஓரத்தில் இருப்பதைவிட உரத்துக் கேட்கும். அதை ஈடுகட்டப் பெரும்பாலான மென்பொருள்கள் நடுவில் 3 டெசிபல் குறைத்தே தருகின்றன. இந்தக் கணக்கு மோனோவில் தவறிப்போகும்: நடுவில் உள்ளவை ஓரத்தில் உள்ளவற்றைவிட 3 டெசிபல் முன்னால் வந்துவிடும். கோடியில் வைத்த கிட்டார் ஜீப்பில் பின்வாங்குவது அதனால்தான். இது அழிவு அல்ல, சின்ன ஏற்றத்தாழ்வு. பாடலுக்கு உயிர்நாடியான எதையும் முழுக்க ஓரத்தில் தள்ளாமல் இருந்தால் போதும். குரல், பேஸ், தாளத்தின் பெரிய அடி மூன்றையும் நடுவில் வையுங்கள். தாழ்ந்த சுருதிகள் எந்தப் பக்கத்திலிருந்து வருகின்றன என்று காதுக்குச் சரியாகத் தெரியாது. அவற்றை ஓரத்தில் வைப்பதால் லாபம் இல்லை, ஒரு ஸ்பீக்கர் மட்டும் சுமை தூக்கும்.

விரிவு வேண்டும் என்றால் நேர்மையான வழி இருக்கிறது: இரண்டு முறை பாடச் சொல்லுங்கள். ஒன்று இடம், ஒன்று வலம். மனிதர் இரண்டு முறை பாடினால் இரண்டும் ஒருபோதும் ஒன்றாக இருக்காது. மூச்சும் சுருதியும் நேரமும் இம்மியளவு பிசகும். அந்தப் பிசகுதான் விரிவைத் தருகிறது, மோனோவில் அழியாமலும் காக்கிறது. நகலெடுத்து ஒரு பக்கத்தை 10, 15 மில்லி விநாடி தாமதிக்கும் உத்தியும் பரவலாக உண்டு. அது குரலை அழிக்காது, ஆனால் மோனோவில் மறுபடி சீப்புத்தான்.

இட வலச் சமநிலையைக் காதால் பார்ப்பவர்களுக்கு மலைவாசி என்ற முறையில் ஓர் எச்சரிக்கை. மேட்டுப்பாளையத்திலிருந்து மலைப்பாதையில் ஏறி வந்தவுடன் ஹெட்போனை மாட்டாதீர்கள். காது அடைக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். இரண்டும் ஒரே நேரத்தில் திறக்காது என்பதைத்தான் மறந்துவிடுகிறோம். ஒருமுறை கோவையிலிருந்து திரும்பிய கையோடு உட்கார்ந்து, இடப்பக்கம் கம்மியாக இருக்கிறதே என்று எல்லாவற்றையும் இடத்துக்குத் தள்ளி வைத்தேன். மறுநாள் காலையில் பாடல் ஒருக்களித்துப் படுத்திருந்தது. சந்தேகம் வந்தால் ஹெட்போனை இடம் வலம் மாற்றி மாட்டிப் பாருங்கள். கனமான பக்கமும் கூடவே மாறினால் குறை கலவையில் அல்லது ஹெட்போனில். மாறாமல் அதே காதில் நின்றால் குறை காதில். கலவையா ஹெட்போனா என்று பார்க்க வேறொரு ஹெட்போன் வேண்டும்.

கண்ணுக்கும் ஒரு துணை உண்டு. பெரும்பாலான மென்பொருள்களில் தொடர்பு மீட்டர் என்று ஒன்று இருக்கும். முள் மைனஸ் 1 முதல் பிளஸ் 1 வரை அசையும். பிளஸ் 1 என்றால் இரு பக்கமும் ஒரே ஒலி. பூஜ்யத்துக்கும் பிளஸ் 1-க்கும் நடுவே உலவிக்கொண்டிருந்தால் கவலையில்லை. பூஜ்யத்துக்குக் கீழேயே தங்கினால் உங்கள் பாடலில் யாரோ ஜீப்பில் ஏறப்போவதில்லை. அந்த டிசம்பரில் என் திரையிலும் இந்த முள் இருந்தது. எதற்கென்று தெரியாததால் மூடி வைத்திருந்தேன்.

இப்போதெல்லாம் தொடக்கத்திலிருந்தே மோனோ பொத்தானை அழுத்தி வைத்துக்கொண்டுதான் அளவுகளை அமைக்கிறேன். குரலும் வாத்தியமும் ஒரே இடத்தில் நெருக்கியடித்து நிற்கும்போதும் ஒவ்வொன்றும் தெரிந்தால், பிறகு இடம் வலமாகப் பிரிப்பது பத்து நிமிட வேலை. கடைசிச் சோதனைக்குக் கைப்பேசி அமைப்புகளில் மோனோ ஒலியைத் தேர்ந்தெடுத்து, ஸ்பீக்கர் கீழே இருக்கும்படி எவர்சில்வர் டம்ளருக்குள் நிறுத்திப் பாடலைப் போடுவேன். அடித்தொனி எதுவும் இல்லாமல், மூக்கால் பாடுவது போல, ஏறத்தாழ ஜீப் கூம்பு மாதிரியே கேட்கும். அதில் ஒவ்வொரு சொல்லும் புரிந்தால் கோப்பை அனுப்பிவிடுவேன். டம்ளர் பெரியதாக இருந்தால் நல்லது. எங்கள் வீட்டில் பெரியது ஒன்றுதான், அதை அம்மா சாயங்கால டீக்கு முன்பே கேட்டு வாங்கிக்கொண்டு போய்விடுகிறார்.